கொலையாளி யார் என்று ஊருக்கே தெரியும்: கிரைம் த்ரில்லர் எடுக்கும் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும், கதை டிஸ்கஷனில் உட்காரும் உதவி இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞன். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்கள் தரப்பில் ஆஜராவதும் உண்டு. வாய்தா இல்லாத நேரத்தில் கிரைம் த்ரில்லர் பைத்தியம். தமிழ், மலையாளம், இந்தி, டப்பிங்கில் வரும் கொரியப் படம் என்று எதையும் விடுவதில்லை. இந்த இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் குடியிருப்பதால் வந்த வினைதான் இந்தக் கடிதம்.

சில வருடங்களாக ஆணவக்கொலை உங்கள் கதைகளில் ‘ட்விஸ்ட்’ ஆகிவிட்டது. மழையில் ஒரு பெண்ணின் உடல் கிடக்கும். சொந்த வாழ்க்கையில் அடிபட்ட ஒரு இன்ஸ்பெக்டர் மாற்றலாகி வருவார். முதலில் காதலன் மேல் சந்தேகம், அப்புறம் ஒரு சைக்கோ, இன்டர்வெல் பிளாக்கில் இன்னொரு உடல். கடைசி இருபது நிமிடத்தில் பின்னணி இசை தாழ்ந்து, அதுவரை கைகூப்பி அழுதுகொண்டிருந்த அப்பாதான் கொலையாளி என்று தெரியவரும். தியேட்டரில் “ச்சே!” என்று ஒரு சத்தம். நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது.

சாதியைத் தொடாமலே நூறு படம் எடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கும் ஊரில், தொட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் புகாரெல்லாம் அந்த ட்விஸ்டைப் பற்றித்தான். ஆணவக்கொலையில் ‘யார் செய்தது’ என்ற கேள்வியே கிடையாது. எல்லாருக்கும் தெரியும். டீக்கடைக்குத் தெரியும், தலையாரிக்குத் தெரியும், பல சமயம் ஸ்டேஷனுக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்றுதானே செய்கிறார்கள்! இன்னாருடைய பெண் இப்படிப் போனாள், இன்னார் இப்படி முடித்தார் என்று நாலு ஊருக்குச் சேதி போகாவிட்டால் அந்தக் கொலைக்கு அவர்கள் கணக்கில் பலனே இல்லை. அப்படிப்பட்ட குற்றத்தை எடுத்து, கடைசி ரீல் வரை ஒளித்துவைக்கும் புதிராக மாற்றினால், நடந்ததிலிருந்து ஊரைக் கழற்றிவிட்டு ஒற்றை ஆளின் மனக்கோளாறாக்கி விடுகிறீர்கள்.

உண்மையான சஸ்பென்ஸ் வேறு இடத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எஃப்.ஐ.ஆரில் ஏறுமா? ஏறினால் எப்படி ஏறும்? ஏறியது சாட்சிக் கூண்டு வரை உயிரோடு வந்து சேருமா?

முதலில் அந்த எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள். ஒரு பெண் வீட்டில் இறந்து கிடக்கிறாள். ‘தீராத வயிற்று வலி காரணமாகத் தூக்கிட்டுத் தற்கொலை’ என்று புகார் வருகிறது. இந்த வயிற்று வலியை நீங்களும் செய்தித்தாளில் எத்தனையோ முறை படித்திருப்பீர்கள். எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் அப்பா அல்லது தாய்மாமன். ஸ்டேஷன் ரைட்டர் அதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவில் பதிவு செய்வார் (2024 ஜூலைக்குப் பிறகு அது புதிய சட்டத்தில் 194). சந்தேக மரணம் என்றுதான் பிரிவு சொல்லும், சந்தேகப்பட ஆள் இருக்காது. அதற்கும் முந்தைய கட்டமும் உண்டு: புகாரே வராமல், விடிவதற்குள் எரித்துவிடுவார்கள். பிரேதப் பரிசோதனைக்கு உடலே இல்லை. காலையில் மிஞ்சுவது சாம்பல், நனைந்த விறகு, மொட்டைக் கடுதாசி போடத் துணிந்த யாரோ ஒருவர். அந்த ஒருவரைப் பற்றி நீங்கள் ஏன் படம் எடுப்பதில்லை?

அதற்கும் முன்னால் ஒரு காட்சி இருக்கிறது. நான் பார்த்த எந்த த்ரில்லரிலும் அது சரியாக வரவில்லை. ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட இருவரும் பாதுகாப்பு கேட்டு ஸ்டேஷனுக்குள் வருவார்கள். பெண் வீட்டார் ஏற்கெனவே ‘மகளைக் காணவில்லை’ என்று புகார் கொடுத்திருப்பார்கள். பெண்ணை மட்டும் தனியாக உட்கார வைப்பார்கள். ஏட்டம்மா தண்ணீர் கொடுப்பார். அப்பா அங்கேயே காலைப் பிடித்து அழுவார். அந்த அழுகையில் பொய் இருக்காது, அதுதான் பயங்கரம். “ரெண்டு நாள் வீட்டுல வந்து இரும்மா, ஊரைக் கூட்டி முறைப்படி பண்ணி வெக்கிறோம்” என்பார் பெரியப்பா. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார், பந்தோபஸ்துக்கு நேரமாகிவிட்டது. பெண் ஒரு வெள்ளைத்தாளில், பெற்றோருடன் செல்லச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். வாசலில் கார் கதவு திறந்திருக்கும்.

இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஆனால் கொலை நடக்கிற இடம் கிட்டத்தட்ட இதுதான். 2024 ஜனவரியில் பல்லடம் காவல் நிலையத்திலிருந்து பெற்றோருடன் அனுப்பிவைக்கப்பட்ட பத்தொன்பது வயதுப் பெண்ணைத் தஞ்சை மாவட்டத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொன்று, உடலை எரித்துவிட்டார்கள் என்பது போலீஸ் வழக்கு. அனுப்பிவைத்த இன்ஸ்பெக்டர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஸ்டேஷனிலிருந்து சுடுகாட்டுக்கு இடையே ஓரிரு நாள்தான். இதை ரீல் ரீலாக எடுத்தால் பார்ப்பவன் சீட்டின் நுனிக்கு வந்துவிட மாட்டானா?

உங்கள் போலீஸ் ஹீரோவைப் பற்றியும் பேச வேண்டும். த்ரில்லருக்குத் துப்பறிய ஒருவர் தேவை, புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டின் மிக முக்கியமான ஆணவக்கொலை வழக்கில் போலீஸ் எந்தப் பக்கம் நின்றது தெரியுமா? 2003-இல் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் நடந்த கண்ணகி, முருகேசன் கொலை. முருகேசன் கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்த தலித் இளைஞர், கண்ணகி பி.காம். படித்த வன்னியப் பெண். அந்த ஆண்டு மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8-ஆம் தேதி ஊர் பார்க்க இருவருக்கும் விஷத்தைப் புகட்டிக் கொன்று எரித்தார்கள். கண்ணகி எங்கே என்று கேட்டு முருகேசனை ஆழ்துளைக் கிணற்றுக் குழிக்குள் கயிறு கட்டி இறக்கியதெல்லாம் நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. முருகேசன் வீட்டார் புகார் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்த போலீஸ், பத்திரிகைகளில் செய்தி வந்த பிறகு ஒரு வழக்குப் போட்டது. அதில் அவரவர் பிள்ளையை அவரவர் வீட்டாரே கொன்றதாகக் கதை கட்டி, முருகேசனின் அப்பாவையும் சேர்த்து தலித் தரப்பில் நாலு பேரைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

உங்கள் எந்த ட்விஸ்ட் இதற்கு ஈடாகும்? பிள்ளையைப் பறிகொடுத்தவனையே கொலையாளி என்று எழுதிய திரைக்கதை. எழுதியவர்கள் சினிமாக்காரர்கள் அல்லர், சீருடை போட்டவர்கள். வழக்கு 2004-இல் சி.பி.ஐ.க்குப் போனது. தீர்ப்பு வர 2021 செப்டம்பர் ஆனது. பதினெட்டு வருடம்! கடலூர் சிறப்பு நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கு, உயர் நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ் அதிகாரிகள் இருவரும் உண்டு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. இடையில் சாட்சிகள் ஒவ்வொருவராகப் பல்டி அடித்தார்கள். கண்ணால் பார்த்ததைக் கடைசி வரை மாற்றாமல் சொன்னவர்களில் முக்கியமானவர் முருகேசனின் சித்தி. படிப்பு, பணம், அரசியல் எதுவும் துணைக்கு இல்லாத ஒரு பெண் பதினெட்டு வருடம் ஒரே வாக்குமூலத்தில் நிற்பது என்றால் என்ன என்று ஒரு நடிகையிடம் சொல்லிப் பாருங்கள். விருது வாங்கும் வேஷம் அது.

சாட்சி என்று வந்ததால் ஒன்று சொல்கிறேன். நான் பார்த்த ஒரு விசாரணை. இறந்த பெண்ணுக்குச் சின்னம்மா முறை ஒருவர் கூண்டில் ஏறினார். அன்று ராத்திரி அலறல் சத்தம் கேட்டது என்று போலீஸ் விசாரணையில் சொன்னவர். கோர்ட்டில், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சாமி” என்றார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டு, குறுக்கு விசாரணை செய்தார். கேள்வி வரும்போதெல்லாம் அவர் கேட்டவரையும் பார்க்கவில்லை, நீதிபதியையும் பார்க்கவில்லை. கதவோரத்தைப் பார்த்தார். அங்கே வெள்ளை வேட்டியில் நாலு பேர், அவர்களோடு அவருடைய சொந்த மகன், கையில் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு. விசாரணை முடிந்து மதியம் அந்தம்மா ஊர் திரும்ப வேண்டும். ஊருக்கு ஒரே மினி பஸ். கதவோரம் நின்ற ஆட்களும் அதே பஸ்ஸில்தான் ஏறுவார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. மிரட்டியதற்குச் சாட்சியமும் இல்லை. நீங்கள் இதைப் படமாக்கினால் வில்லனுக்கு ஒரு வசனம்கூடத் தேவைப்படாது.

கோகுல்ராஜ் வழக்கில் நடந்ததை எழுதிக் கொண்டுவந்தால் ‘லாஜிக் இல்லை’ என்று டிஸ்கஷனிலேயே வெட்டிவிடுவீர்கள். ஓமலூரைச் சேர்ந்த தலித் இன்ஜினீயரிங் பட்டதாரி 2015 ஜூன் 23 அன்று கல்லூரித் தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலை என்று காட்ட, கட்டாயப்படுத்தி எழுதி வாங்கிய கடிதம் வேறு. முக்கியக் குற்றவாளி ஒரு சாதி அமைப்பின் தலைவர். மூன்று மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆடியோ விட்டார், டிவிக்குப் பேட்டி கொடுத்தார். இடையில் விசாரணையில் இருந்த டி.எஸ்.பி. விஷ்ணுபிரியா தன் குடியிருப்பில் இறந்து கிடந்தார். அந்தத் தலைவர் சரணடைய வந்தபோது ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். இதில் எங்கே சார் ‘யார் கொலையாளி’ என்ற புதிர்?

அந்த வழக்கின் உச்சக்கட்டமும் கோர்ட்டில்தான். கோயில் சி.சி.டி.வி.யில் பதிவான பெண்ணைக் காட்டி, இது நீதானே என்று கேட்டால், நான் இல்லை என்று சொன்னார் அந்தத் தோழி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் ஊர் இருக்கிறது. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைத் தண்டித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் தாங்களே திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போய், கேமரா எங்கே இருந்தது, எந்த வழியாக இறங்கினார்கள் என்று பார்த்தார்கள். தண்டவாளத்துக்கும் போனார்கள். அந்த ஆண்டு ஜூனில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்து, இருவரின் தண்டனையை மட்டும் குறைத்தார்கள். ஒரு வாக்குமூலம் பொய்த்துப்போனதால், இரண்டு நீதிபதிகள் படிக்கட்டில் நின்று கேமரா கோணம் பார்க்கிறார்கள். இப்படியொரு காட்சி உங்களுக்குக் கிடைத்தால் விடுவீர்களா?

அப்பாக்களை நீங்கள் எடுக்கும் விதம்தான் எனக்கு அதிக எரிச்சல். உண்மை வெளிவந்ததும் ஒரு பிளாஷ்பேக். குழந்தையைத் தோளில் தூக்கிப் போகிறார், சைக்கிள் ஓட்டக் கற்றுத் தருகிறார், பின்னால் வயலின். ‘பாசம் அதிகமானதால் இப்படிச் செய்துவிட்டார்’ என்று படம் முடியும்போது பார்ப்பவன் மனதில் தங்குகிறது. எங்கள் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தண்டனை குறைப்புக்கு வாதிடுவதும் இதையேதான். நீங்கள் காசு வாங்காமல் அவருக்கு ஆஜராகிறீர்கள். தொட்டுக் காட்ட வேண்டியது வேறு: கொலைக்கு முந்தைய பத்து நாள் அந்த அப்பாவுக்கு என்ன நடந்தது? கல்யாண வீட்டில் அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. கோயில் வரி வாங்க ஆள் வரவில்லை. பங்காளி ஒருவர் “நீ எல்லாம் மீசை வெச்சிருக்கே” என்று சிரிக்கிறார். சின்னப் பெண்ணுக்குப் பேசி வைத்த வரன் கை நழுவுகிறது. பாசத்தோடு இதற்கு ஒரு சம்பந்தமும் கிடையாது, முழுக்க அந்தஸ்துக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த முப்பது பேர் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வர மாட்டார்கள். சினிமாவிலாவது வர வேண்டாமா?

இதை நன்றாகச் செய்த படம் இல்லாமல் இல்லை. மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018) த்ரில்லர் என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. ஆனால் அதில் வரும் அந்தக் கிழவர், ஒவ்வொரு கொலையையும் விபத்தாக, தற்கொலையாக ஜோடித்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு போகிறாரே, அவரை முதல் பாதியிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். யார் என்று தெரிந்த பிறகுதான் நமக்கு வயிறு கலங்குகிறது. ஒளித்துவைத்திருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

சாதிப் பெயர் விவகாரம் உங்களுக்குத் தலைவலி என்று தெரியும். சென்சார் இருக்கிறது, தயாரிப்பாளருக்கு ஏரியா வியாபாரம் இருக்கிறது, ரிலீஸ் அன்று தியேட்டர் முன்னால் கொடியோடு நிற்க ஆள் இருக்கிறது. பெயரைச் சொல்லித்தான் தீர வேண்டும் என்று ஏசி அறையில்கூட இல்லாத நான் சொல்வது சுலபம். அதனால் அதைக் கேட்கவில்லை. ஆனால் ‘பெரிய குடும்பம்’, ‘ஏழைப் பையன்’ என்று மாற்றிவிடாதீர்கள். சாதியைப் பணமாக மொழிபெயர்த்தால் கதை உடைந்துபோகிறது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்ட இளைஞர் சென்னையில் பெரிய ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். முதலில் கைதானவர் அவர் காதலித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் தம்பி. பெண்ணின் பெற்றோர் இருவருமே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர்கள். வழக்கு நடக்கிறது, அதற்கு மேல் நான் சொல்லக் கூடாது. படிப்பும் சம்பளமும் இருந்தால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கையை மட்டும் அது நம் எல்லாரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டது.

‘இது வடக்கே நடக்கிற விஷயம், காப் பஞ்சாயத்து (அங்குள்ள சாதிப் பஞ்சாயத்து)’ என்று வைத்து எழுதுவதும் ஒரு தப்பித்தல்தான். அங்கே கணக்கு வேறு. ஹரியானாவின் மனோஜ், பப்லி இருவரும் ஒரே சாதி, ஒரே கோத்திரம், அதுதான் குற்றம். 2007-இல் பாதுகாப்புக்குக் கூட வந்த போலீசார் பாதி வழியில் கழன்றுகொள்ள, பஸ்ஸிலிருந்து இழுத்துப் போய்க் கொன்று கால்வாயில் வீசினார்கள். 2010-இல் கர்னால் நீதிமன்றம் ஐந்து பேருக்குத் தூக்கு விதித்தபோது நாடே பேசியது. பிறகு அது உயர் நீதிமன்றத்தில் குறைந்தது. வேறு சாதிப் பெண்ணை மணந்ததற்காகக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் உடுமலை சங்கர் வழக்கிலும் அப்படித்தான். 2016 மார்ச்சில் பட்டப்பகலில் பேருந்து நிலையம் அருகே நடந்த வெட்டு கேமராவில் பதிவாகி எல்லார் போனுக்கும் வந்தது. 2017-இல் பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு. 2020-இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. வீடியோ இருந்தும், வெட்டியவனுக்கும் சொன்னவனுக்கும் நடுவே உள்ள நூலைச் சட்டப்படி நிரூபிப்பது அவ்வளவு கடினம். அந்த நூலைத் தேடி அலையும் ஒரு விசாரணை அதிகாரியைக் காட்டுங்கள். போன் கால் பட்டியல், ஏடிஎம்மில் எடுத்த பணம், லாட்ஜ் ரிஜிஸ்டர். சண்டைக்காட்சி வேண்டாம்.

கதைக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. சக்தி வாகினி என்ற தொண்டு நிறுவனம் தொடுத்த வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், தம்பதிகளுக்குப் பாதுகாப்பு இல்லம் எல்லாம் வேண்டும் என்று உத்தரவிட்டது. இன்றும் ஆணவக்கொலைக்கென்று தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அதற்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் முதல்வர் அறிவித்தார். அந்த உதவி எண் போன் ராத்திரி ஒன்றரை மணிக்கு அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் காவலர். அந்தப் பக்கம் பேசுபவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுக்கிறாள். ஊர்ப் பெயரைச் சொல்வதற்குள் கதவு தட்டப்படுகிறது. விடிவதற்குள் அந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் தன் மேலதிகாரி எந்தப் பக்கம் என்று தெரியாமல். ஒன்லைனை நானே கொடுத்துவிட்டேன், ராயல்டி வேண்டாம். இந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதை மட்டும் கவனியுங்கள். உங்கள் படங்களில் அவளை நான் பெரும்பாலும் பிணமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் சொன்ன தீர்ப்புகளை இணையத்திலேயே தேடி எடுக்கலாம், காசு கிடையாது. டிஸ்கஷனுக்கு ரூம் போடுவதற்கு முன் யாராவது ஒரு உதவி இயக்குநரிடம் கொடுத்து முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். விசாரணையைப் பார்க்க வேண்டுமானால் அந்தந்த மாவட்டத்தில் எஸ்.சி., எஸ்.டி. வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்குப் போகலாம். திறந்த நீதிமன்றம், யாரும் உட்காரலாம். காலை பத்தரைக்கு வந்துவிடுங்கள். செல்போனை அணைத்து வைத்துவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்து, கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

அன்புடன்,
ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞன்